கண்ணையன் பங்கு

இந்தப் பக்கமா சொல்லுங்க மேடம், அந்தக் காது கேக்காது. இல்லல்ல, பொறவியிலேர்ந்து இல்ல. எங்க வூட்டுக்காரரு கை. கல்யாணமான ரெண்டாம் வருசம், கொழம்புல உப்பு தூக்கலா பூட்ச்சின்னு ஒண்ணு வுட்டாரு. அன்னிலேர்ந்து உள்ள கொய்ங்குன்னு சத்தம் மட்டும்தான். அத்த வுடுங்க, நான் வந்தது வூட்டு விசயமா. ஆட்டோல மைக்கு வச்சி சொல்லினு போனாங்களே, இலவச சட்ட முகாமு, சொத்துத் தகராறு எதுன்னாலும் வந்து கேக்கலாம்னு. அதான் டோக்கன் வாங்கினு காலையிலேர்ந்து குந்தினு கீறேன்.

பட்டா அவரு பேர்லதான் கீது. கண்ணையன், தகப்பன் பேரு ராஜமாணிக்கம். கரண்டு பில்லு, வூட்டு வரி அல்லாமே அவரு பேர்லதான். ஓ, பட்டா பேர்ல இருந்தா மட்டும் சொந்தம் ஆயிடாதா? கிரயப் பத்திரம் எங்க மாமனாரு பேர்ல கீது. அவரு கரும்பு போட்டு, அந்தக் காசுல வாங்குன மனை. இதே திருத்தணியிலதான், மலைக்கு ஏர்ற ரோட்டுக்குப் பின்னால தெரு. ஆறு சென்ட்டு. முன்னால ஓட்டு வூடு, பின்னால சீட்டு போட்ட ஒரு ரூமு தனியா. உயிலு கியிலு ஒண்ணும் எழுதல. மாமியாரு அவருக்கு முன்னாடியே பூட்டாங்க. புள்ளைங்க ரெண்டே பேரு. எங்க வூட்டுக்காரரு, அவருக்குத் தங்கச்சி அம்சா.

அப்ப ஆளுக்குப் பாதியா. கட்டிக் குடுத்த பொண்ணுக்கும் சமமாத்தான் வருமா. ம். அம்சாவும் இதையேதான் சொல்லினு இருந்தா.

எம் பேரு பிரபாவதி. எழுதிக்கோங்க. புள்ளைங்க இல்ல. ஒண்ணு தங்குச்சி, அஞ்சாம் மாசம் வவுத்துல எட்டி ஒதச்சாரு, பூட்ச்சி. அதுக்கப்புறம் தங்கவே இல்ல. ஆஸ்பத்திரில மாடிப்படியில வுழுந்துட்டேன்னு சொன்னேன். எங்க வூட்டுக்கு மாடியே கெடையாது. அந்த டாக்டரம்மா கொஞ்ச நேரம் என்னியே பாத்துனு இருந்துட்டு அப்பால எழுதினாங்க.

அவரு இப்ப இல்ல மேடம். போன வருசம் ஆடிக் கிருத்திகை அன்னிக்குப் பூட்டாரு. அம்சா புழல்ல கீறா. ஆங், ஜெயில்ல. எங்க வூட்டுக்காரரக் கொன்ன கேசு. வர்ற வெள்ளிக்கெழமை திருவள்ளூரு கோர்ட்டுல நான் சாட்சி சொல்லணும். அதுக்குள்ள இந்த வூடு யாருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்.

முழுசாவா? சொல்றேன். உங்களுக்கு நேரம் கீதா? பின்னால பத்து பேரு நிக்கிறாங்க. சரி.

அம்சாவத் திருவாலங்காட்டுல குடுத்திருந்தாங்க. அவ வூட்டுக்காரரு ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினு இருந்தாரு. லோடு சாஞ்சி அவரு மேலயே வுழுந்துட்ச்சி. மாமியார் வூட்டுல ஆறு மாசம் கூட வச்சிக்கல, பொண்ணு கவிப்பிரியாவ இட்டுனு இங்க வந்துட்டா. அப்ப மாமனாரு இருந்தாரு, அந்தப் பின் ரூம அவரே தொறந்து வுட்டாரு. அவ சும்மா குந்தல. பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறிப் போயி லுங்கிக் கட்டு எடுத்துனு வருவா, மடிச்சி லேபிள் ஒட்டித் திருப்பிக் குடுப்பா. அப்பன் அவள நைனா நைனான்னுதான் கூப்புடுவாரு, அவளும் அவர நைனான்னுதான் கூப்புடுவா. ஆளு நல்ல ஒசரம். நடந்து வந்தா தரை அதிரும்.

மாமனாரு செத்துக் கருமாதி முடிஞ்ச மறுநாளு, எங்க வூட்டுக்காரரு பின்னால போயி அவ அடுப்பு, குண்டான், லுங்கிக் கட்டு அல்லாத்தையும் தூக்கித் தெருவுல வீசினாரு. அவ ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்துனு வந்து உள்ள வச்சா. இவரு மறுபடியும் வீசினாரு. மறுபடியும் எடுத்துனு வந்தா. மூணாவது வாட்டி இவரு அவ மயித்தப் புடிச்சி செவுத்துல முட்டினாரு. நெத்தி பொளந்து ரத்தம் மூக்கு வரைக்கும் வந்துட்ச்சி. அவ அத்தத் தொடைக்கக் கூட இல்ல, கையில கெடச்ச தொடப்பத்தத் திருப்பிப் புடிச்சி அந்தக் கட்டையால அவரு வாய் மேலயே ஒண்ணு வச்சா பாருங்க.

அவரத் திருப்பி அடிச்சவங்க யாரையும் நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. எங்க அண்ணன் தம்பிங்க கூட வந்து, மச்சான் கொஞ்சம் பாத்து நடந்துக்கோங்கன்னு காப்பி குடிச்சிட்டுப் போறவங்க. எனக்கு உள்ளுக்குள்ள எப்பிடி இருந்துச்சின்னு சொன்னா நீங்க தப்பா நெனப்பீங்க. ஜில்லுன்னு இருந்துச்சி. அப்பால உள்ள வந்து கதவச் சாத்திட்டு அந்த அடியெல்லாம் எனக்குத் திருப்பிக் குடுத்தாரு. பெல்ட்டு. அது வேற.

அப்பால தாலுக்கா ஆபீசுல வாரிசுன்னு அவரு ஒருத்தரு பேர மட்டும் குடுத்து சர்ட்டிபிகேட்டு வாங்கினாரு. அத்த வச்சித்தான் பட்டா மாத்தினாரு. ஓ, அது செல்லாதுங்களா? பொய் சொல்லி வாங்கினது செல்லாதா. அது அவருக்கும் யாரோ சொல்லிருப்பாங்க போலகீது. ஏன்னா அதுக்கப்புறம்தான் விடுதலைப் பத்திரத்துக்கு அலைய ஆரம்பிச்சாரு. எனக்கு இந்த வூட்டுல பங்கு வாணாம், அண்ணனுக்கே வுட்டுக் குடுத்துட்டேன்னு அம்சா கையெழுத்து போடணும். உம் பேரயும் வாரிசுல சேக்கறேன் வான்னு நல்ல வார்த்த சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு இட்டுனு போனாரு. நானும் கூடப் போனேன்.

அவ பத்தாவது பாஸு மேடம். பத்திரத்தைக் கையில வாங்கி, நின்னுகினே மூணு பக்கமும் படிச்சா. ஆபீசரு கேட்டாரு, சம்மதமாம்மான்னு. இல்ல சார், இது எனக்குத் தெரியாம எழுதினதுன்னா. அவரு அப்பவே பத்திரத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு, நல்ல மனுசன். வெளிய வந்து வண்டி நிறுத்துற எடம். இவரு கையில ஹெல்மெட்டு. அதாலயே அடிச்சாரு. நின்னுகினு இருக்கும்போது நாலு அடி, வுழுந்தப்புறம் எத்தினின்னு நான் எண்ணல. சுத்தி அம்பது பேரு இருப்பாங்க. ரெண்டு பல்லு போச்சி. அந்தப் பல்ல மண்ணுலேர்ந்து எடுத்து முந்தானையில முடிஞ்சினு, எழுந்து, நடந்தே வூட்டுக்கு வந்தா. வேற எங்கியும் போவல. இந்த வூட்டுக்குத்தான் வந்தா.

போலீசுக்கும் போனா. ரெண்டு பேரயும் கூப்புட்டு எழுதி வாங்கினு அனுப்பினாங்க. அதுக்கப்புறம்தான் பாகம் பிரிச்சிக் குடுக்கணும்னு கோர்ட்டுல கேசு போட்டா. நோட்டீசு வந்த அன்னிக்கு.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

நோட்டீசு வந்த அன்னிக்கு இவரு கத்தல, ஒண்ணும் பண்ணல. சோறு சாப்ட்டாரு. கை கழுவினு என்னக் கூப்புட்டாரு. பின்னால போயி, அவள ரெண்டு கையால புடின்னாரு. அவ குந்திகினு லேபிள் ஒட்டினு இருந்தா. நான் போயி பின்னாலேர்ந்து புடிச்சேன். ஆங், நான்தான் புடிச்சேன். புடிக்கலன்னா எனக்கு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். அவரு அவ வலது கைய இஸ்து கதவு நெலையில வச்சி, இந்தக் கைதானே கேசு போட்டுச்சின்னு, கதவ அறைஞ்சி சாத்தினாரு. ஒரு வாட்டி இல்ல. கதவு நெலையில சரியா சேர்ற வரைக்கும். வெரலு முறியற சத்தம் எனக்குக் கேட்டுச்சி. நல்ல காதுப் பக்கம் தானே.

அவ அவரப் பாக்கல மேடம். தலையத் திருப்பி என்னியத்தான் பாத்தா.

நாலு வெரலு. கட்டு போட்டாங்க, ஆனா சேரல. கோணிகினு அப்பிடியே நின்னுட்ச்சி. ஒரு டம்ளரக் கூட அந்தக் கையால புடிக்க முடியாது. இடது கையால லேபிள் ஒட்டக் கத்துக்கினா. ரெண்டு மாசம் எங்கிட்ட பேசல. அப்பால ஒரு நாளு இவரு அரக்கோணம் போயிருந்தாரு, நான் தொவைக்கிற கல்லுகிட்ட நின்னுகினு இருந்தேன். பின்னாலேர்ந்து கொரலு. சாப்ட்டியா அண்ணின்னா. இல்லன்னேன். உள்ள கூப்புட்டு ஒரு தட்டுல கத்திரிக்கா கொழம்பு ஊத்திக் குடுத்தா. நான் சாப்ட்டேன். அந்தக் கைய வச்சித்தான் எனக்குப் போட்டா, ரெண்டு கையாலயும் கரண்டியப் புடிச்சினு. அழுவாத, சாப்புடுன்னா. நீ அவன்கிட்ட மாட்னு கீற, நான் வூட்டுக்காவ நிக்கிறேன், அவ்ளோதான் வித்தியாசம்னா.

இப்ப கிருத்திகை அன்னிக்கு நடந்தது. கோர்ட்டுலேர்ந்து கமிஷனருன்னு ஒரு வக்கீலு வந்து வூட்ட அளந்து, யாரு எங்க குடியிருக்கிறாங்கன்னு எழுதினு போவணும். அது அடுத்த வாரம்னு தேதி. அதுக்குள்ள அந்தப் பின் ரூம இடிச்சித் தள்ளிட்டா, அவ இங்க இருந்ததுக்கே தடம் இல்லன்னு இவரு கணக்கு. அன்னிக்குன்னா ஊரு முழுக்கக் காவடி. தெருவுல நிக்க எடம் இல்ல, பம்பை சத்தத்துல பக்கத்துல கீறவங்க பேசறது கேக்காது. அம்சா மலைக்குப் போயிருந்தா. கவிப்பிரியா காலேஜு ஆஸ்டல்ல. இதான் நேரம்னு கடப்பாரைய எடுத்துனு பின்னால போனாரு.

பாதி செவுரு வந்துட்ச்சி. அம்சா நெத்தியில விபூதியோட வந்தா. கத்துவா, ஓடி வந்து புடுங்குவான்னு நெனச்சேன். செருப்பக் கழட்டிட்டு நேரா உள்ள போயி, இடிக்கிற செவுத்துலயே சாஞ்சி குந்திகினா. இடின்னா. இவரு இடிச்சாரு. ஒரு செங்கல்லு அவ தோள்ல வுழுந்துச்சி, ஒண்ணு தலையில. அவ நவுரல. இவரு கடப்பாரையப் போட்டுட்டு உள்ள போயி, மயித்தப் புடிச்சி வெளிய இஸ்துகினு வந்தாரு. அவ அவரு கெண்டைக்காலக் கவ்விக் கடிச்சா. சதை பல்லோட வர்ற மாதிரி கடிச்சா. இவரு வலி தாங்காம அவளத் தள்ளி வுட்டு, கழுத்து மேல கால வச்சி ஏறி நின்னுட்டாரு. சும்மா மெரட்றதுக்கு இல்ல. ரெண்டு கையாலயும் தண்ணிக் குழாயப் புடிச்சினு முழு வெயிட்டையும் எறக்கினாரு. அவ காலு ரெண்டும் மண்ண ஒதைச்சிகினே இருந்துச்சி, அப்பால ஒதைக்கிறது கொறைஞ்சிச்சி. கண்ணு மேல போய்ட்ச்சி. வெளிய ஒரே அரோகரா.

அப்பத்தான் கடப்பாரை அவரு பொடனியில எறங்குச்சி. அவரு அவ மேலயே சாஞ்சாரு. பொரண்டு மல்லாந்து வுழுந்தாரு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சி, ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. மறுபடியும் ஒண்ணு. அப்பால இன்னோண்ணு. மூணு. டாக்டரு ரிப்போர்ட்டுலயும் மூணுதான் எழுதிக்கிறாங்க.

தண்ணி கேக்கறதுக்கு வந்த காவடிக்காரங்கதான் மொத பாத்தாங்க. அம்சா கையில கடப்பாரையோட குந்தினு இருந்தா. போலீசு வந்து கேட்டப்ப நான்தான் அடிச்சேன்னா. கழுத்துல அவரு செருப்புத் தடம் அப்பிடியே பதிஞ்சி இருந்துச்சி, போட்டோ எடுத்தாங்க. உசுரக் காப்பாத்திக்க அடிச்சா குத்தம் இல்லன்னு அவளுக்கு யாரோ சொல்லிக்கிறாங்க. மூணு மாசத்துல வெளிய வந்துருவேன்னு நெனச்சா. ஆனா ரெண்டாவது அடியும் மூணாவது அடியும் வுழுந்தப்புறம் அடிச்சதாம். அது காப்பாத்திக்க இல்லியாம், கொலைதானாம். அரசாங்க வக்கீலு அதையேதான் புடிச்சினு நிக்கிறாரு. நீங்களும் அப்பிடித்தான் சொல்றீங்களா? ம்.

ஜாமீனுக்கு நிக்க அவளுக்கு ஆளு இல்ல. நான் நிக்கலாமான்னு கேட்டேன், செத்தவரு பொண்டாட்டி நிக்கிறதா, சிரிப்பாங்கன்னாங்க. கவிப்பிரியா எங்கூடத்தான் கீது, நர்சிங் படிக்கிது. நான் ஆக்கிப் போட்டா சாப்புடுது. எதையும் கேக்காது. எங்கம்மா உங்க வூட்டுக்காரரக் கொன்னுட்டாங்க, நீங்க எனக்கு சோறு போட்றீங்களேன்னு ஒரே ஒரு நாளு அழுதுச்சி.

இப்ப பங்காளிங்க வந்துனு கீறாங்க மேடம். எங்க வூட்டுக்காரரு பெரியப்பா புள்ளைங்க. வெள்ளிக்கெழமை கோர்ட்டுல, அம்சா அடிச்சத எங் கண்ணால பாத்தேன்னு கெட்டியா சொல்லிடு, அவளுக்கு தண்டனை ஆயிட்டா அவ பங்கும் அவளுக்கு இல்லாம பூடும், முழு வூடும் நம்ம பக்கம் வந்துரும், நாங்களே நல்ல வெலைக்கு எடுத்துக்கறோம்ங்கறாங்க. அது நெசமா? அவங்கப்பாகிட்டேர்ந்து அவளுக்கு வந்த பாதி, தண்டனை ஆனாலும் அவளுதுதானா. நல்லது. பங்காளிங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லியா. ரொம்ப நல்லது.

அப்ப எங்க வூட்டுக்காரரு பாதி? புள்ள இல்ல, அப்பன் ஆத்தா இல்ல. பொண்டாட்டிக்கா. எனக்கு மட்டும்.

இன்னா கேட்டீங்க? இந்தப் பக்கம் சொல்லுங்க.

ஆங். அம்சா அந்தக் கையால எப்பிடித் தூக்கினான்னு கேக்கறீங்க. கடப்பாரை பன்னெண்டு கிலோ இருக்கும். டம்ளரு புடிக்க முடியாத கை. ஒரு வருசமா எத்தினி போலீசு, எத்தினி வக்கீலு வந்து பாத்தாங்க. நீங்க ஒருத்தருதான் மேடம் அத்தக் கேட்டீங்க.

அதுக்கு மின்ன இந்த ஒண்ண மட்டும் சொல்லிடுங்க. புருசனக் கொன்ன பொண்டாட்டிக்கு அவன் பங்கு வருமா?

வராதா. சட்டத்துலயே அப்பிடிக் கீதா. அவ உசுரோட இல்லாத மாதிரி வச்சிக்கினு, அடுத்த ஆளுக்குப் பூடுமா. அடுத்த ஆளு யாரு? கூடப் பொறந்தவளுக்கா. அப்ப முழு ஆறு சென்ட்டும் அம்சாவுக்குத்தான். சரி. அதான் எனக்குத் தெரியணும். நாங்க ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் பூட்டா பங்காளிங்க பூட்ட ஒடைச்சி உள்ள பூந்துருவாங்களோன்னுதான் இத்தினி நாளு வாயத் தொறக்காம இருந்தேன். அது மட்டும்னு சொன்னா பொய்யி. பயமும்தான்.

ஏன் பேனாவ மூடிட்டீங்க? எழுதிக்கோங்க மேடம், ஒண்ணும் இல்ல. மொத அடி அம்சா காலு ஆடாம நின்னுட்ச்சேன்னு அடிச்சேன். அது அவளுக்காவ. அவன் மல்லாந்து வுழுந்து என்னப் பாத்தான். பிரபான்னு சொல்றதுக்கு வாயத் தொறந்தான். எப்ப அடிக்க வந்தாலும் மொதல்ல அப்பிடித்தான் கூப்புடுவான். மத்த ரெண்டும் அதுக்குத்தான். அது அவளுக்காவ இல்ல, எனக்கு. இதுக்குப் போயி அவ ஜெயில்ல கீறா.

அவதான் இருமிகினே எழுந்து வந்து, எங் கையிலேர்ந்து ஒவ்வொரு வெரலா பிரிச்சி அத்த வாங்கினா. எனக்குக் கழுத்துல தடம் கீது, என்னிய வுட்டுருவாங்க, உனக்கு இன்னா தடம் கீது காட்றதுக்கு, போயி மூஞ்சக் கழுவுன்னா. பதினெட்டு வருசத் தடம் கீதுன்னு நான் சொல்லிருக்கணும். போயி கழுவிட்டேன்.

இல்ல மேடம், யாரும் சொல்லிக் குடுக்கல. யோசிச்சிட்டேன். கவிப்பிரியாகிட்ட நாளைக்கு நானே சொல்லிடுவேன். உங்க நம்பரு மட்டும் இந்தத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க, அது கையில குடுத்துட்டுப் போறேன்.

வெள்ளிக்கெழமை கூண்டுல ஏறி சொன்னவொடனே அங்கியே புடிச்சி வச்சிக்குவாங்களா, இல்ல வூட்டுக்கு அனுப்பிட்டு அப்பால வருவாங்களா? அதுக்கில்ல. மாத்துத் துணி ரெண்டு பையில எடுத்துனு போலாம்னு பாத்தேன். அதெல்லாம் உள்ள வுடுவாங்களா?